போயிங்கா, ஏர்பஸ்ஸா? பழைய விமானத்தை மாற்றும்போது ஏர்லைன்கள் எப்படி முடிவு செய்கின்றன?

குரோம்பேட்டை, பல்லாவரம், பம்மல் பக்கம் வசிப்பவர்களுக்கு விமானம் ஒன்றும் அதிசயம் இல்லை. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது ஒன்று கடந்து போகும். போனில் பேசுபவர்கள் சத்தம் அடங்கும் வரை நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். வாலில் இருக்கும் நிறத்தை வைத்தே அது இண்டிகோவா, ஏர் இந்தியாவா என்று சொல்லிவிடும் பிள்ளைகள் இங்கே நிறைய பேர்.

ஆனால், அந்த விமானம் ஏன் ஏர்பஸ்? ஏன் போயிங் இல்லை? இந்தக் கேள்வியை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. டிக்கெட் புக் செய்யும்போது விலை, நேரம், லக்கேஜ் பார்க்கிறோம். விமானத்தைச் செய்தது யார் என்று பார்ப்பதில்லை.

அந்தத் தேர்வு நம் டிக்கெட் விலையில் இருக்கிறது, ரத்தாகும் ஃபிளைட்டில் இருக்கிறது, நம் ஏரியாவில் கேட்கும் இரைச்சலில் இருக்கிறது, இங்கே படித்துவிட்டு வேலை தேடும் இன்ஜினியரின் எதிர்காலத்திலும் இருக்கிறது. ஒருமுறை முடிவெடுத்தால் 20 வருடத்துக்கு அதை மாற்றுவது கஷ்டம். இந்திய ஏர்லைன்கள் இப்போது அப்படிப்பட்ட முடிவுகளை நூற்றுக்கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கின்றன. அந்த முடிவு எப்படி எடுக்கப்படுகிறது? படிப்படியாகப் பார்ப்போம்.

விமானம் எப்போது 'பழசு' ஆகிறது?

நன்றாகப் பராமரித்தால் ஒரு பயணிகள் விமானம் 25 வருடம் கூடப் பறக்கும். வயதானால் பாதுகாப்பு போய்விடும் என்பது பொதுவான பயம். நடைமுறையில் முதலில் போவது லாபம்.

காரணங்கள் இரண்டு. ஒன்று, பராமரிப்பு. சில வருடங்களுக்கு ஒருமுறை விமானத்தை வாரக்கணக்கில் ஹேங்கரில் நிறுத்தி, கிட்டத்தட்ட முழுவதும் பிரித்துப் பார்க்க வேண்டும். வயது ஏற ஏற அந்தச் செலவும் ஏறும். நின்ற நாட்களுக்கு வருமானமும் கிடையாது.

இரண்டு, எரிபொருள். இந்திய ஏர்லைன்களின் செலவில் மிகப் பெரிய பங்கு இதற்குத்தான் போகிறது. விமான எரிபொருள் ஜிஎஸ்டிக்குள் வராது. மாநிலங்கள் வாட் போடுகின்றன. அதிகமாகப் போடும் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. பழைய ஏ320-ஐவிட ஏ320 நியோ 15 முதல் 20 சதவீதம் வரை எரிபொருளை மிச்சப்படுத்தும் என்கிறது ஏர்பஸ். போயிங் தன் 737 மேக்ஸுக்கும் ஏறக்குறைய இதே அளவு சேமிப்பைச் சொல்கிறது. ஒரு நாளில் ஐந்தாறு முறை ஏறி இறங்கும் விமானத்துக்கு இது சின்ன கணக்கு இல்லை.

கூடவே ஒரு போனஸ்: புதிய இன்ஜின்கள் சத்தமும் குறைவாகப் போடும். ரன்வேக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சரி, மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தாகிவிட்டது. யாரிடம் வாங்குவது?

முதல் கேள்வி: எந்த ரூட்?

கல்யாணத்துக்கு வேன் பிடிப்பதுபோல்தான் இதுவும். எத்தனை பேர், எவ்வளவு தூரம், வண்டி போகும் அளவுக்கு வழி இருக்கிறதா? இந்த மூன்றும் தெரியாமல் பேரம் பேச முடியாது.

இதற்கு நம் ஊர் உதாரணம் தூத்துக்குடி. அங்கே ரன்வேயின் நீளம் பல வருடங்களாக 1,350 மீட்டர்தான். ஏ320, 737 போன்ற ஜெட்களுக்கு அது போதாது. அதனால்தான் சென்னையிலிருந்து அங்கே போனவர்கள் விசிறி இன்ஜின் வைத்த ஏடிஆர் போன்ற சின்ன விமானங்களில் போனார்கள். ரன்வே 3,115 மீட்டராக நீட்டப்பட்டு, 2025 ஜூலையில் புதிய முனையம் திறக்கப்பட்ட பிறகுதான் பெரிய ஜெட்களுக்கு வழி பிறந்தது.

அந்தச் சின்ன விமானங்களிலும் ஒரு போட்டி நடந்தது. இண்டிகோவும் அலையன்ஸ் ஏரும் ஏடிஆர் பக்கம் போயின. ஸ்பைஸ்ஜெட் கனடாவின் கியூ400-ஐ எடுத்தது. கியூ400 வேகமானது; ஏடிஆர் எரிபொருளில் சிக்கனம். ஒரு மணி நேர ரூட்டில் பத்து நிமிடம் முன்னதாகப் போவதா, எரிபொருளை மிச்சம் பிடிப்பதா? ஒவ்வொரு ஏர்லைனும் தன் கணக்குப்படி பதில் சொன்னது.

சென்னை–டெல்லி, சென்னை–சிங்கப்பூர் மாதிரியான ரூட்டுகளில் உண்மையான போட்டியாளர்கள் இரண்டே பேர்தான்: ஏ320 குடும்பம், 737 குடும்பம். சீட் எண்ணிக்கை, தூரம், எரிபொருள் எல்லாவற்றிலும் இரண்டும் நெருங்கி நிற்கும். அதனால் 'எது நல்ல விமானம்?' என்ற கேள்வியோடு முடிவு வந்துவிடாது. அங்கிருந்துதான் ஆரம்பமே.

கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது?

ஒரு பஸ் டிப்போவை நினைத்துப் பாருங்கள். உள்ளே நிற்பவை எல்லாம் லேலண்ட் வண்டிகள். மெக்கானிக்குகளின் கை அந்த இன்ஜினுக்குப் பழகியிருக்கிறது. ஸ்டோரில் இருப்பதும் அதே பாகங்கள். அங்கே திடீரென்று பத்து டாடா பஸ் வந்தால் என்ன ஆகும்? வண்டி நன்றாகவே இருக்கலாம். ஆனால் தனி ஸ்பேர்ஸ், தனி டூல்ஸ், தனி டிரெயினிங் என்று எல்லாம் இரண்டாகும்.

விமானத்தில் இது இன்னும் கறார். ஏ320 ஓட்டும் பைலட் அதே உரிமத்தில் ஏ321-ஐயும் ஓட்டலாம். 737 ஓட்ட வேண்டுமென்றால் தனியாகப் பயிற்சி, சிமுலேட்டர், தேர்வு எல்லாம் உண்டு. பைலட் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால், ஒரே மாடல் வைத்திருக்கும் ஏர்லைன் ஸ்டாண்ட்பையில் இருக்கும் யாரை வேண்டுமானாலும் அனுப்பும். இரண்டு மாடல் வைத்திருந்தால் அந்த வசதி பாதியாகக் குறையும்.

இண்டிகோ ஆரம்பத்திலிருந்தே இதைப் பிடித்துக்கொண்டது. 2005-ல் ஒரு விமானம்கூடப் பறக்காத நிலையில், பாரிஸ் விமானக் கண்காட்சியில் 100 ஏ320-க்கு ஆர்டர் கொடுத்தது. பிறகு 180, 250, 300 என்று போய், 2023 ஜூனில் ஒரே மூச்சில் 500. மொத்தம் 1,330 விமானங்கள், எல்லாம் ஒரே குடும்பம்.

'இருப்பதையே தொடர்வது சுலபம்' என்ற இந்த ஆசைக்கு ஒரு இருண்ட பக்கமும் உண்டு. 2010 டிசம்பரில் ஏர்பஸ் ஏ320 நியோவை அறிவித்தது. 2011 ஜூலையில், பல வருடங்களாக போயிங் பக்கமே இருந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 260 ஏர்பஸ் ஆர்டர் செய்தது. அதிர்ந்துபோன போயிங், புதிய விமானத்தை முதலிலிருந்து வடிவமைக்காமல் பழைய 737-லேயே புதிய இன்ஜினைப் பொருத்த முடிவு செய்தது. 737 ஓட்டிய பைலட்டுக்குப் புதிதாக சிமுலேட்டர் பயிற்சி தேவைப்படாது என்பதுதான் விற்பனைப் பேச்சின் மையம். பயிற்சி தேவைப்பட்டால் விமானத்துக்கு 10 லட்சம் டாலர் தள்ளுபடி என்று சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸுக்கு போயிங் வாக்குக் கொடுத்திருந்தது.

பெரிய இன்ஜினால் மாறிய பறக்கும் தன்மையைச் சரிசெய்ய எம்கேஸ் என்ற மென்பொருள் சேர்க்கப்பட்டது. பைலட்டுகளுக்கு அதைப் பற்றிச் சரியாகச் சொல்லப்படவில்லை. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவில் 189 பேர், 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவில் 157 பேர் இறந்தார்கள். பயிற்சிச் செலவைத் தவிர்க்க நினைத்த வாடிக்கையாளர்களின் ஆசையும், அதற்குத் தலையாட்டிய உற்பத்தியாளரும் சேர்ந்து எங்கே கொண்டுபோய் விட்டார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் இல்லை.

ஏர் இந்தியா: இரண்டு ஆர்டர், ஒரே வீடு

தேர்வு தப்பாகப் போனால் என்ன நடக்கும் என்று பார்க்க வெளிநாடு போக வேண்டியதில்லை.

2006-ன் தொடக்கத்தில் மத்திய அரசுக்குச் சொந்தமாக இரண்டு ஏர்லைன்கள் இருந்தன. வெளிநாட்டு ரூட்டுகளுக்கு ஏர் இந்தியா. உள்நாட்டுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ். ஜனவரியில் ஏர் இந்தியா போயிங்கிடம் 68 விமானங்களுக்கான ஆர்டரை அறிவித்தது. அடுத்த மாதமே இந்தியன் ஏர்லைன்ஸ் ஏர்பஸ்ஸிடம் 43-க்குக் கையெழுத்துப் போட்டது. 2007-ல் அரசு இரண்டையும் இணைத்தது.

கல்யாணத்துக்கு முன் இரண்டு வீட்டாரும் பேசிக்கொள்ளாமல் ஆளுக்கொரு வீட்டுக்கு லோன் போட்டதுபோல் ஆயிற்று. ஒரே கம்பெனிக்குள் இரண்டு வகை பைலட்டுகள், இரண்டு ஸ்பேர்ஸ் கிடங்குகள், இரண்டு பராமரிப்பு அணிகள். அதற்கு மேல் மலைபோல் கடன்.

இந்த வாங்கலைப் பற்றி 2011-ல் அறிக்கை கொடுத்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், ஏர் இந்தியாவின் ஆரம்பத் திட்டம் 28 விமானங்கள்தான் என்பதைச் சுட்டிக்காட்டினார். அரசு மறுபரிசீலனை செய்யச் சொன்ன பிறகு, சில மாதங்களிலேயே அது 68 ஆனது. கிட்டத்தட்ட முழுப் பணமும் கடன். அதில் 27 விமானங்கள் போயிங்கின் புத்தம்புது 787. 2008-ல் வந்திருக்க வேண்டியவை. முதல் விமானம் வந்தது 2012 செப்டம்பரில்.

2022 ஜனவரியில் டாடா குழுமம் 18,000 கோடி ரூபாய்க்கு ஏர் இந்தியாவை எடுத்தபோது, பல விமானங்கள் பாகங்கள் இல்லாமல் நின்றுகொண்டிருந்தன. பறந்தவற்றிலும் உடைந்த சீட்டு, வேலை செய்யாத திரை என்று பயணிகளின் புகார்கள் ஓயவில்லை.

அதனால் 2023 பிப்ரவரி 14-ல் டாடா அறிவித்த ஆர்டரை உலகமே பார்த்தது. மொத்தம் 470 விமானங்கள். ஏர்பஸ்ஸிடம் 250: ஏ320 குடும்பத்தில் 210, நீண்ட தூரத்துக்கு ஏ350 ரகம் 40. போயிங்கிடம் 220: 737 மேக்ஸ் 190, 787 ரகம் 20, 777எக்ஸ் 10.

ஒரே மாடல் லாபம் என்றால், டாடா ஏன் இரண்டு பக்கமும் பிரித்தது?

எப்போது கிடைக்கும்?

பதிலின் பெரிய பகுதி இதுதான். இன்றைக்கு ஆர்டர் போட்டால் அடுத்த மாதம் விமானம் வராது.

2024-ல் ஏர்பஸ் 766 விமானங்களையும் போயிங் 348 விமானங்களையும் டெலிவரி செய்தன. இரண்டுக்கும் சேர்த்து வரிசையில் நிற்கும் ஆர்டர்கள் 14,000-க்கும் மேல். அந்த வேகத்திலேயே போனால் வரிசை தீரப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். ஏர்பஸ்ஸுக்குப் பாகங்கள் சரியாக வருவதில்லை. போயிங்குக்கு 2024 ஜனவரியில் அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானத்தின் கதவுப் பகுதி நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. அதே வருடம் தொழிலாளர் ஸ்டிரைக். 777எக்ஸ் 2020-லேயே வந்திருக்க வேண்டும். போயிங் இப்போது சொல்வது 2027.

இப்படிப்பட்ட சந்தையில் 'ஸ்லாட்'தான் தங்கம். ஒரே கடையில் மொத்தமும் கேட்டால் காத்திருப்பு நீளும். இரண்டு கடையில் கேட்டால் குறையும். ஏர் இந்தியாவுக்கு முதலில் வந்த ஏ350-கள், ரஷ்யாவின் ஏரோஃபிளாட்டுக்காகக் கட்டப்பட்டு, உக்ரைன் போருக்குப் பிந்தைய தடைகளால் கைமாறியவை. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸுக்கு வந்த 737 மேக்ஸ்களில் பல, சீன ஏர்லைன்களுக்காகத் தயாராகி, வாங்கப்படாமல் நின்றவை. டாடாவுக்கு அவசரம்; அடுத்தவர் விட்ட இடம் கிடைத்தது.

இரண்டாவது காரணம் பேரம். 'அவனிடம் போய்விடுவேன்' என்று சொன்னால், உண்மையிலேயே போகக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். இரண்டு மாடலும் கையில் இருக்கும் ஏர்லைன் சொன்னால் அந்த மிரட்டலுக்கு மதிப்பு உண்டு.

மூன்றாவது, பிரிக்கும் விதம். டாடா சின்ன ஜெட்களை முடிந்தவரை பிராண்டு வாரியாகப் பிரித்தது. மேக்ஸ்கள் குறைந்த கட்டண ஏர் இந்தியா எக்ஸ்பிரஸுக்கு. ஏ320 குடும்பத்தின் பெரும்பகுதி ஏர் இந்தியாவுக்கு. 2007-ல் விபத்துபோல் வந்து சேர்ந்த கலவையை இந்த முறை திட்டமிட்டுச் செய்கிறார்கள்.

விலை: போர்டில் எழுதியது ஒன்று, கொடுப்பது வேறு

'பல லட்சம் கோடி ரூபாய் ஆர்டர்' என்று தலைப்புகளில் வருவது பட்டியல் விலை. அந்த விலையில் யாரும் வாங்குவதில்லை. 2018-க்குப் பிறகு ஏர்பஸ் விலைப் பட்டியலை வெளியிடுவதையே விட்டுவிட்டது. மொத்தமாக வாங்குபவர்களுக்குத் தள்ளுபடி பெரிது. எவ்வளவு என்பது ஒப்பந்தத்தில் பூட்டிய ரகசியம்.

அந்தத் தள்ளுபடியில்தான் ஒரு பிசினஸ் மாடலே இருக்கிறது. பெயர் 'சேல் அண்ட் லீஸ்பேக்'. சிம்பிளா சொன்னால்: மொத்த விலையில் விமானத்தை வாங்கு, டெலிவரி எடுத்ததும் லீஸ் கம்பெனிக்கு நல்ல விலைக்கு விற்றுவிடு, அதே விமானத்தை அவர்களிடமிருந்து வாடகைக்கு எடுத்துப் பறக்க வை. கையில் காசும் வரும், விமானமும் இருக்கும். பெரிய பராமரிப்புச் செலவு வரும் முன்பே திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுக்கலாம். இண்டிகோ இதில் கைதேர்ந்தது.

ஆக, வாங்கும் விலை மட்டும் போதாது. மறுவிற்பனை மதிப்பும் வேண்டும். உலகம் முழுக்க நிறைய ஏர்லைன்கள் ஓட்டும் மாடலை லீஸ் கம்பெனிகள் விரும்பும். அதனால்தான் சீனாவின் சி919 போன்ற புதியவருக்கு உள்ளே நுழைவது கஷ்டம். விலை குறைவாக இருந்தாலும், நாளைக்கு அதை யார் வாங்குவார்கள் என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கும்.

யாரும் கவனிக்காத தேர்வு: இன்ஜின்

ஏ320 நியோ வாங்கினால் இன்ஜினைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிராட் அண்ட் விட்னி ஒரு பக்கம், சிஎஃப்எம் இன்னொரு பக்கம். 737 மேக்ஸில் சிஎஃப்எம் மட்டும்தான்.

கோ ஃபர்ஸ்ட் தன் நியோ விமானங்கள் எல்லாவற்றுக்கும் பிராட் அண்ட் விட்னியை எடுத்தது. இன்ஜின்கள் அடிக்கடி பழுதாகின; மாற்று இன்ஜின் வரவில்லை. 2023 மே மாதம் அது திவால் மனு போட்டபோது, தன் நியோக்களில் ஏறக்குறைய பாதி இன்ஜின் இல்லாமல் நிற்பதாகச் சொன்னது. பிராட் அண்ட் விட்னி அந்தக் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. 2025 ஜனவரியில் கம்பெனியைக் கலைக்க உத்தரவு வந்தது. ஆயிரக்கணக்கான ஊழியர்கள் வேலை இழந்தார்கள். முன்கூட்டியே டிக்கெட் எடுத்தவர்கள் பணத்துக்காக அலைந்தார்கள்.

இண்டிகோவும் அதே இன்ஜினைத்தான் முதலில் எடுத்தது. 2019-ல் டிஜிசிஏ கெடு வைத்து இன்ஜின்களை மாற்றச் சொன்னது. அதே வருடம், அடுத்து வரும் 280 விமானங்களுக்கு இண்டிகோ சிஎஃப்எம் பக்கம் தாவியது. இருந்தும் 2023-ல் பிராட் இன்ஜின்களில் உலோகத் தூள் குறைபாடு வெளிவந்தபோது, ஒரு கட்டத்தில் அதன் 70-க்கும் மேற்பட்ட விமானங்கள் தரையில் நின்றன. பெரிய கம்பெனி, கையில் காசு, மாற்று இன்ஜின் கொண்ட விமானங்களும் இருந்தன, தாங்கிக்கொண்டது. கோ ஃபர்ஸ்டுக்கு அந்தக் குஷன் இல்லை.

இரண்டு கம்பெனி, அதே விமானம், அதே இன்ஜின். ஒன்று நாட்டின் நம்பர் ஒன். இன்னொன்று இல்லாமலே போனது. வித்தியாசம், தவறினால் என்ன செய்வது என்ற ஏற்பாட்டில் இருந்தது.

எல்லாமே கணக்குதானா?

இல்லை. ஏர் இந்தியாவின் 2023 ஆர்டர் அறிவிப்பில் பிரதமர் மோடியும் பிரான்ஸ் அதிபர் மக்ரோனும் வீடியோவில் வந்தார்கள். போயிங் பகுதியை அமெரிக்க அதிபர் பைடன், தன் நாட்டில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வேலைகளுக்கு ஆதாரம் என்று கொண்டாடினார். இவ்வளவு பெரிய ஆர்டர்கள் ராஜதந்திரப் பரிசாகவும் இருக்கின்றன. இரண்டு நாட்டுக்கும் பங்கு கொடுப்பது அதிலும் வசதி.

மோசமான பக்கமும் உண்டு. பக்கத்தில் இருக்கும் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் 2013-ல் ஆறு ஏ330, நான்கு ஏ350-க்கு ஏர்பஸ்ஸிடம் ஆர்டர் கொடுத்தது. பிறகு வந்த அரசு, நஷ்ட ஈடு கொடுத்து ஏ350-களிலிருந்து வெளியே வந்தது. 2020 ஜனவரியில் பல நாடுகளில் நடந்த லஞ்ச விவகாரங்களுக்காக பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளுடன் 360 கோடி யூரோவுக்கு ஏர்பஸ் சமரசம் செய்துகொண்டது. பிரிட்டன் நீதிமன்ற ஆவணங்களில் ஸ்ரீலங்கன் ஆர்டரும் இருந்தது. தேவையைவிடப் பெரிய ஆர்டரின் கடனை இறுதியில் கட்டுவது அந்த நாட்டு மக்கள்தான்.

ஒரே மாடலில் நாடே நின்றால்?

இப்போது நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட இடத்துக்கு வருவோம். இந்திய உள்நாட்டு விமானப் பயணத்தில் 10-ல் 6 பேருக்கு மேல் இண்டிகோவில் போகிறார்கள். ஏர் இந்தியா குழுமத்தையும் சேர்த்தால் 10-ல் 9 பேர். இரண்டு கம்பெனிகளிலும் அதிகம் இருப்பது ஏ320 குடும்பம்.

2025 நவம்பர் 28 அன்று ஏர்பஸ் ஓர் எச்சரிக்கை விட்டது. தீவிர சூரியக் கதிர்வீச்சு, ஏ320 குடும்ப விமானங்களின் ஒரு கட்டுப்பாட்டுக் கணினியில் தரவைக் கெடுக்கலாம். அமெரிக்காவுக்குப் போன ஜெட்ப்ளூ விமானம் ஒன்று அக்டோபர் இறுதியில் திடீரென மூக்கைக் கீழே சாய்த்ததிலிருந்து வந்த கண்டுபிடிப்பு அது. உலகம் முழுக்க சுமார் 6,000 விமானங்களைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. இந்தியாவில் மட்டும் 300-க்கும் மேல். இன்ஜினியர்கள் இரவு பகலாக உழைத்து இரண்டு, மூன்று நாட்களில் முடித்தார்கள். மென்பொருள் பிரச்சினை என்பதால் தப்பித்தோம். உலோகம் சம்பந்தப்பட்டதாக இருந்தால்?

இதற்காக 'அந்தக் கம்பெனி விமானமே வேண்டாம்' என்று ஓடவும் முடியாது. 1990 பிப்ரவரி 14-ல் பெங்களூருவில் இந்தியன் ஏர்லைன்ஸின் புதிய ஏ320 விழுந்து 92 பேர் இறந்தார்கள். அரசு எல்லா ஏ320-களையும் பல மாதங்கள் தரையில் நிறுத்தியது. அந்த மாடலே வேண்டாம் என்று பலர் பேசினார்கள். இன்று இந்திய வானத்தில் அதிகம் பறப்பது அதன் வாரிசுகள்தான். 2025 ஜூன் 12-ல் அகமதாபாத்தில் ஏர் இந்தியாவின் 787 விழுந்து 260 பேர் பலியானபோதும் அதே கேள்விதான் மறுபடி எழுந்தது. ஒரு விபத்தை வைத்து ஒரு மாடலை ஒதுக்குவதும், ஒரே மாடலை நம்பி நாடே உட்கார்ந்திருப்பதும் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான அவசரம்.

அப்போ என்ன செய்ய வேண்டும்?

ஒரு ஏர்லைனுக்கு ஒரே மாடல் என்பது நல்ல பிசினஸ். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஏர்லைன் நாட்டின் பாதிக்கும் மேற்பட்ட பயணிகளைச் சுமக்கும்போது, அதன் ரிஸ்க் நம் ரிஸ்க் ஆகிவிடுகிறது. ஏர்லைனின் லாபக் கணக்கில் அந்த ரிஸ்க்குக்குத் தனி வரி கிடையாது. அதைக் கணக்கில் எடுக்க வேண்டியது அரசும் டிஜிசிஏவும்தான்.

முதலாவது, வெளிப்படைத்தன்மை. எத்தனை விமானங்கள், எந்த இன்ஜின், எத்தனை தரையில் நிற்கின்றன என்பதை ஒவ்வொரு ஏர்லைனும் மாதந்தோறும் வெளியிட வேண்டும். தாமதம், ரத்து, மார்க்கெட் பங்கு ஆகியவற்றை டிஜிசிஏ மாதந்தோறும் வெளியிடத்தான் செய்கிறது. இந்த ஒரு பட்டியலையும் சேர்ப்பதில் சிரமம் இல்லை. கோ ஃபர்ஸ்டின் நிலைமை எல்லோர் கண்ணிலும் பட்டிருந்தால், கோடை விடுமுறைக்கு டிக்கெட் எடுத்தவர்கள் கொஞ்சம் யோசித்திருப்பார்கள்.

இரண்டாவது, உபரி. பெரிய ஏர்லைன்களுக்கு ஸ்பேர் இன்ஜின்களும் ஸ்டாண்ட்பை விமானங்களும் இவ்வளவு இருக்க வேண்டும் என்ற குறைந்தபட்ச அளவு தேவை. வங்கிகளிடம் கையிருப்பு வைக்கச் சொல்கிறோம் அல்லவா? அதே தர்க்கம்தான்.

மூன்றாவது, பேரத்தில் தள்ளுபடியோடு வேலையையும் கேட்பது. 2006 போயிங் ஆர்டரின் பகுதியாக நாக்பூரில் ஒரு பராமரிப்பு மையம் கிடைத்தது. ஆனால் அது தயாராக 2015 ஆகிவிட்டது. சிஎஃப்எம்மின் பங்குதாரரான பிரான்ஸின் சஃப்ரான், லீப் இன்ஜின்களைப் பழுது பார்க்கும் மையத்தை ஹைதராபாத்தில் 2025 நவம்பரில் திறந்தது. விமான பாகங்களுக்கான வரியை 2024 ஜூலையில் ஒரே சீராக 5 சதவீதம் ஆக்கியது மத்திய அரசு. வழி திறந்திருக்கிறது. நாக்பூருக்கு ஒன்று, ஹைதராபாத்துக்கு ஒன்று, தமிழ்நாட்டுக்கு?

இந்தக் கேள்வியைக் கேட்கத் தென் சென்னைக்கு முழுத் தகுதி இருக்கிறது. விமானப் பொறியியலைப் பட்டப் படிப்பாக நாட்டில் முதலில் சொல்லிக்கொடுத்த இடங்களில் ஒன்று, 1949-ல் தொடங்கிய குரோம்பேட்டை எம்ஐடி. அப்துல் கலாம் அங்கேதான் படித்தார். போயிங்கின் பொறியியல் மையம் பெங்களூருவோடு சென்னையிலும் இருக்கிறது. டிசைன் வேலைக்கு நம் பிள்ளைகள் போகிறார்கள். ஆனால் நூற்றுக்கணக்கான இன்ஜின்களைப் பிரித்து மாட்டும் பெரிய பட்டறைகள், அவை தரும் டிப்ளமோ, ஐடிஐ வேலைகள் எல்லாம் வேறு ஊர்களில் உருவாகின்றன. ஜிஎஸ்டி ரோட்டின் ஒரு பக்கம் ஏர்போர்ட், கொஞ்ச தூரத்தில் எம்ஐடி. இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய தொழில்தான் இன்னும் வரவில்லை.

ஆர்டர்கள் போட்டாகிவிட்டன. ஆனால் டெலிவரி இனிமேல்தான், பத்து வருடத்துக்கும் மேல் நடக்கப்போகிறது. இன்ஜின் தேர்வு, பராமரிப்பு ஒப்பந்தம், பட்டறை எங்கே என்பதில் இன்னும் நிறைய முடிவுகள் பாக்கி. போயிங்கா, ஏர்பஸ்ஸா என்ற கேள்விக்கு ஏர்லைன்கள் பதில் சொல்லட்டும். பழுதானால் எங்கே சரிசெய்வோம், யார் சரிசெய்வார்கள், அதுவரை பயணிக்கு என்ன வழி என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியது மத்திய, மாநில அரசுகள். அந்தப் பதிலை அடுத்த இன்ஜின் கோளாறு வரும் வரை தள்ளிப்போடக் கூடாது.